ஆசிட் தொட்டிக்கு ஒரு பொட்டு

பண்டார் தெங்காராவில் செம்பனைக் காட்டுக்குள் ஒளிந்திருந்தது அந்தத் தொழிற்சாலை. வெளிநாட்டிலிருந்து வரும் உடைந்த கணினிகளையும் கைப்பேசிகளையும் முன்கொட்டகையில் பெண்கள் நாங்கள் பிரிப்போம். பின்கொட்டகையில் என் கணவர் சர்க்யூட் போர்டுகளை ஆசிட் தொட்டியில் ஊறப்போட்டுத் தங்கம் எடுப்பார். முகமூடி கேட்டதற்கு முதலாளி ஒரு பழைய துண்டைக் கொடுத்தார். அதை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மூன்று வருடம் உழைத்தார் மனுசன்.

நுரையீரல் வெந்துபோய்ப் படுத்துவிட்டார். ஆசிட்டில் வேலை செய்தார் என்று ஒரு கடிதம் வேண்டும், டாக்டர் கேட்கிறார் என்று முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஆசிட்டா? நம்மகிட்ட ஏதும்மா ஆசிட்டு? உன் புருசன சிகரெட்டக் குறைக்கச் சொல்லு லா," என்றார் சிரித்துக்கொண்டே.

என் கணவர் சிகரெட்டைக் கையால் தொட்டதே இல்லை. இந்தச் சிரிப்புக்கு நீ அழணும்டா பாவி என்று கறுவிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனேன்.

ஆயுத பூசை வந்தது. தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், அங்கத்து வழக்கம் எங்களை விடவில்லை. வருடா வருடம் இயந்திரங்களைக் கழுவிப் பொட்டு வைப்போம். முதலாளிக்குச் சாமி பயம் அதிகம். படம் பிடித்துக்கொள்ளும் ஆசை அதைவிட அதிகம். பின்கொட்டகைக்குள் கைப்பேசி கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தான்.

"அண்ணே, சோறு போடுற தொட்டிய விட்டுட்டா சாமி கோவிச்சுக்கும்," என்றேன்.

"அட, ஆமா லா! அதுக்கும் ஒரு மாலை போடு. உன் போன்லயே என்னையும் சேத்துப் படம் புடி."

தொட்டிக்குச் சந்தனம் பூசினேன். உள்ளே ஆசிட் மஞ்சளாய்ப் புகைந்தது, கண் எரிந்தது. பக்கத்தில் ஆசிட் கலன்கள் அடுக்கியிருந்தன. அவர் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"நல்லா சிரிங்கண்ணே," என்று என் கைப்பேசியைத் தூக்கினேன்.

படத்தைச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் போலும், தொட்டியைக் காணோம், தரையெல்லாம் கழுவியிருந்தது. இங்கே ஆசிட்டே கிடையாது என்று முதலாளி மலாயில் சத்தியம் செய்தார். அதிகாரி அந்தப் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அலமாக்!" வெலவெலத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயாம்மா? உனக்கு என்ன கொற வச்சேன்?"

"ஒரு கடுதாசி கேட்டேன்லண்ணே. தரமாட்டேன்னீங்க. அதான் படமா வாங்கிக்கிட்டேன்."

டாக்டருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். என் கணவரின் கோப்பைத் திறந்தால், முதல் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் முதலாளி.