ரிசர்வில் இருந்த சவரி

எங்கள் பக்கத்தில் ரிசர்வ் என்றால் காடு. வத்தல்மலை அடிவாரத்தில் கல் நட்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் காடு, ஆடு போகக்கூடாது, விறகு எடுக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அதைக் காவல் காக்கிற கார்டுக்கும் ரிசர்வ்காரன் என்றுதான் பேர். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டென்று எங்களுக்கு என்ன தெரியும்? அந்த ஒரு சொல்லால் சவரியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு என்னுடையது. சாட்சிகள் இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான், அதனால் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

என் பேர் மாதப்பன். அதியமான்கோட்டையில் பிறந்தவன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ஒரு அறை விட்டார், அன்றோடு படிப்பு முடிந்தது. இன்று கடத்தூரில் புளி மண்டி யாருடையது என்று சின்னக் குழந்தையைக் கேளுங்கள். எல்லாம் இந்தக் கையால் வந்தது.

சவரி எங்களுக்குப் பக்கத்து ஊர்க் கிறிஸ்தவக் குடியானவன். அப்பா இல்லை. அம்மா மதலேனம்மாள்தான் கேழ்வரகு விதைத்து வளர்த்தாள். மாதாகோயில் சாமியாரிடம் ஒரு தோல்பந்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் பொட்டலில் உதைப்போம். அந்தப் பொட்டல் பூராவும் நெருஞ்சி. வெறுங்காலில் முள்ளோடு பந்தை உதைத்தால் உயிர் போய்விடும். அதனால் சவரி உதைப்பதற்கு முன்னால் இடது உள்ளங்காலை வலது கெண்டைக்காலில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பான். முள் உதிர்ந்துவிடும். பிறகு விடுவான் பாருங்கள், பந்து கோயில் மணிக்கூண்டைத் தாண்டும்.

முப்பத்தேழில் மழை ஏமாற்றியது. நான்தான் அவனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். அவன் ஒரு நூல் மில்லில் சேர்ந்தான். நான் மில் வாசலில் களியும் கொள்ளு ரசமும் போட ஆரம்பித்து, ஒரே வருஷத்தில் ஓட்டுக்கூரை போட்ட சாப்பாட்டுக்கடைக்கு முதலாளி ஆனேன்.

அந்த மில்லுக்கு ஒரு புட்பால் கிளப் உண்டு. பந்தாடுவதற்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். பேருக்குத்தான் மில் வேலை. மத்தியானத்துக்கு மேல் மைதானத்தில் இருக்கவேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் மெயின் செட். அடுத்தவர்கள் ரிசர்வ் செட். சவரியை ரிசர்வில் எடுத்தார்கள்.

எதையும் விசாரிக்காமல் விடுகிறவன் நான் இல்லை. ரிசர்வ் என்று ஒரு கூட்டத்துக்கு எதற்குச் சோறு போடுகிறார்கள் என்று எனக்கு ஒரே யோசனை. ரிசர்வுக்குக் கேப்டன் மாரியப்பன், மில்லில் பிட்டர், என் கடையில் சாப்பிடுகிறவன். அவனுக்கு ஒரு உருண்டை களி அதிகம் வைத்து விஷயத்தைக் கேட்டேன்.

முன்பு ஒரு சமயம் மெயின் செட் கோலாருக்குக் கோப்பைக்கு ஆடப் போனதாம். போன இடத்தில் பாதிப் பேருக்குக் குளிர்காய்ச்சல். மைதானத்தில் இறங்க ஆள் இல்லை. ஆடாமலே தோற்று வந்தார்கள். மில் துரை, இன்னொரு பதினோரு பேர் எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதுதான் ரிசர்வ். மெயின் செட்டுக்குச் சிவப்புச் சட்டை. அது வெளுத்துப்போனால் ரிசர்வுக்கு வரும். அதனால் ஊரில் இவர்களுக்குப் பழைய சட்டைக்காரர்கள் என்று பேர்.

இதெல்லாம் சரி, காய்ச்சல் வராத நாளில் இவர்களுக்கு என்ன வேலை? அதுதான் வேடிக்கை. சனிக்கிழமை மெயின் செட் பட்டாளத்து டீமோடு மோதுகிறதென்றால், புதன்கிழமை ரிசர்வ் பட்டாளத்துக்காரன் மாதிரியே ஆடிக்காட்ட வேண்டும். எதிரி எந்தக் காலால் உதைப்பான், எந்தப் பக்கம் திரும்புவான், எப்படித் தோள் கொடுத்துத் தள்ளுவான், எல்லாம் அப்படியே. மெயின் செட் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

"நான் பந்தாட்டக்காரன் இல்லடா மாதப்பா, கூத்தாடி" என்பான் சவரி. "போன வாரம் ரயில்வேக்காரன் வேசம். இந்த வாரம் போலீசு. என் ஆட்டம் எதுன்னு எனக்கே மறந்துபோச்சு."

முப்பத்தொன்பது தைப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தபோது, மதலேனம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனாள். பெண் ராஜமேரி. சவரி மனதில் வெகுநாளாக இருந்தவள். அவள் அப்பா சின்னப்பன் மலையடிவாரத்தில் ஆடு வைத்திருந்தார். வெற்றிலை வைத்தார்கள். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது.

"பையன் பெங்களூருல என்ன பண்றான்?" என்றார் சின்னப்பன்.

"ரிசர்வுல இருக்கான்ணா" என்றாள் மதலேனம்மாள் பெருமையாக.

வெற்றிலைக்குப் போன கை அப்படியே நின்றது.

"எதுல?"

"ரிசர்வுலங்கண்ணா. தொரையே பாத்து எடுத்துக்கிட்டாரு."

சின்னப்பன் எழுந்துவிட்டார். "ஏம்மா, என் செனையாட்ட ரிசர்வுக்காரன் புடிச்சிக்கிட்டுப்போயி பவுண்டுப் பட்டியில அடைச்சான். அங்கயே செத்துப்போச்சு. அந்தக் கூட்டத்துக்கா எம்பொண்ணக் கேக்கற? எந்திரி."

நான் குறுக்கே விழுந்தேன். "மாமா, இது காட்டு ரிசர்வு இல்லீங்க. பந்து ரிசர்வு. சம்பளத்துக்குப் பந்து ஆடறாங்க."

"பந்து ஒதைக்க எவன்டா கூலி குடுப்பான்?"

"மில்லுல குடுக்கறாங்க மாமா. ரிசர்வுன்னா, மத்தவங்க ஆடறப்ப இவங்க சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கும் கூலியா! ஏன்டா, பொய் சொல்றதுன்னாலும் ஒரு நாயம் வேண்டாமா?"

எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது. கடைசியில் அவர் ஒன்று சொன்னார். "அப்படி ஒரு ரிசர்வு இருந்தா கூட்டியா. கண்ணுல பாக்கறேன். சாம்பல் புதனுக்குள்ள வரலைன்னா பொண்ணு வேற எடத்துக்குப் போயிரும்." சாம்பல் புதன் வந்துவிட்டால் தபசு காலம். ஈஸ்டர் வரை அவர்களில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிட இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். நான் தருமபுரிக்குப் போய்த் தாலுக்கா கச்சேரி குமாஸ்தாக்களையும் பள்ளிக்கூட வாத்தியார்களையும் பிடித்து, பெங்களூர் டீமோடு ஆடுங்கள் என்று உசுப்பேற்றி நாள் குறித்தேன். பிறகு பெங்களூர் போய் மில் மேனேஜரைப் பார்த்தேன். மெயின் செட் மதராஸுக்குக் கோப்பைக்குப் போகிற வாரம் அது. ரிசர்வ் சும்மாதான் இருக்கும். "கூட்டிக்கொண்டு போ" என்றார்.

இரண்டு செட்டும் ஒரே ரயிலில் ஜோலார்பேட்டை வரை வந்தோம். அங்கே பிரியவேண்டும். அவர்கள் மதராஸுக்கு, நாங்கள் மொரப்பூருக்கு. ரயில் நிற்பதற்குள் காப்பி குடிக்கிற அவசரத்தில் மெயின் செட் ஆள் ஒருத்தன் குதித்தான். கணுக்கால் புரண்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இடதுபக்கம் ஆடுகிறவன். அது சவரியின் இடம்.

மேனேஜர் பிளாட்பாரத்தில் ஓடி வந்தார். "சவரி, மெயினுக்கு வா. சட்டையை மாற்று."

ரிசர்வில் இருக்கிற எவனும் தினம் கேட்கிற வரம் அது. சவரி வெளுத்த சட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"மாதப்பா, நான் வரலைன்னா ராஜமேரி?"

"அவரு கேட்டது ரிசர்வத்தான்டா. உன்னையா கேட்டாரு?"

"மூஞ்சியப் பாக்காம பொண்ணக் குடுப்பாரா?"

"உன் மூஞ்சியப் பாத்தா குடுக்கறவரும் குடுக்கமாட்டாரு. போடா!"

போனான். ரயில் நகர்ந்தபோது மாரியப்பன் என்னிடம், "அப்ப பதினோராவது ஆளு யாரு?" என்றான். சுற்றும் முற்றும் பார்த்தேன். நான்தான்.

மொரப்பூரில் இறங்கி, குட்டி ரயிலில் தருமபுரி வந்து சேர்ந்தோம். ஊருக்கு வெளியே பொட்டலில் ஆட்டம். சந்தைக்கு வந்த கூட்டமெல்லாம் அங்கே நின்றது. சின்னப்பன் வண்டியில் வந்திருந்தார். வண்டிக்குள் ராஜமேரியும் மதலேனம்மாளும். பெரியவர் இறங்கி வந்து வெளுத்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சவரி எங்க?"

"மெயினுக்குப் போயிட்டான் மாமா."

"மெயிலுக்கா? மெயிலேறி ஓடிட்டான்னு சொல்லு!"

கூட்டம் சிரித்தது. வண்டிக்குள்ளிருந்து மதலேனம்மாள், "எம்மவன எங்கடா வுட்டுட்டு வந்த, பாவி!" என்று கத்தினாள். நான் மெயின், ரிசர்வ் என்று விளக்க விளக்க, பெரியவர் முகம் இறுகிக்கொண்டே போனது. "இவங்கல்லாம் உன் சாப்பாட்டுக்கடை ஆளுங்க. சட்ட மாட்டிக் கூட்டியாந்திருக்கற" என்று மாட்டை வண்டியில் பூட்டப் போனார்.

அப்போது மாரியப்பன் முன்னால் வந்தான். "பெரியவரே, அடுத்தவன் மாதிரி ஆடறதுதாங்க எங்க பொழப்பு. உங்க மருமவன் வரல. அவன் ஆட்டம் வந்திருக்குது. இருந்து பாத்துட்டுப் போங்க."

ஆட்டம் ஆரம்பித்தது. மாரியப்பன் சவரியின் இடத்தில் நின்றான். நடையே மாறிவிட்டது. தலையைச் சாய்த்து ஓடுவது, பந்து வராதபோது இடுப்பில் கை வைத்து நிற்பது, எல்லாம் சவரி. பந்து காலுக்கு வந்தது. மாரியப்பன் இடது உள்ளங்காலை வலது கெண்டைக்காலில் ஒரு தேய்ப்புத் தேய்த்தான். விட்டான் பாருங்கள்!

வண்டிக்குள்ளிருந்து ராஜமேரியின் குரல் வந்தது. "அப்பா, அவரேதான்! கோயில் பொட்டல்ல இப்பிடித்தான் தேய்ப்பாரு!"

"நீ எப்படிப் புள்ள பாத்த?" என்றார் சின்னப்பன். பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பெரியவர் பூட்டாங்கயிற்றைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மாரியப்பன் மறுபடி தேய்த்தான், மறுபடி உதைத்தான். ஆட்டம் முடியும்வரை மாடு பூட்டவில்லை. அந்த ஆட்டத்தில் என் மண்டையில் பட்டு ஒரு கோல் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமாஸ்தாக்கள் நான்கு கோலில் தோற்றார்கள்.

முடிந்ததும் சின்னப்பன் மதலேனம்மாளிடம் போனார். "காட்டு ரிசர்வுக்காரன் காலுல பூட்ஸ் இருக்கும். அவனுக்கு முள்ளு எங்க தெரியப்போவுது? காலத் தேய்க்கறவன் நம்ம ஆளுதான். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு தங்கச்சி."

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கல்யாணம்.

மதராஸில் சவரி ஆடியது ஒரே ஆட்டம். மெயின் செட் தோற்றது. வீங்கிய கால் வடிந்ததும் அவனைத் திரும்ப ரிசர்வுக்கே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஜெர்மன் சண்டை வந்தது. மில்லில் ராத்திரி பகலாகப் பட்டாளத்துக்கு நூல் ஓடியது, மைதானத்துக்கு ஆள் விட முடியவில்லை. நாற்பத்திரண்டில் ரிசர்வ் செட்டைக் கலைத்தார்கள். சவரி மேஸ்திரியாகி மில்லிலேயே நின்றான். அவனுக்குப் பெங்களூரில் வீடு பார்த்துக்கொடுத்ததும் நான்தான்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. கல்யாணம் முடிந்து பெங்களூர் வந்ததும் அவன் மாரியப்பனைப் பிடித்துக்கொண்டான். "என்னய மாதிரி எப்படி ஆடின? காட்டு." என் கடை வாசலில் மாரியப்பன் ஆடிக்காட்டினான். காலைத் தேய்த்ததும் சவரி திகைத்துப்போனான்.

"அப்பிடியா பண்றேன்? இங்கதான் புல்லாச்சே. முள்ளே இல்லையே!"

அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததிலிருந்து வந்தது வினை. பந்து வந்ததும் தேய்க்கலாமா கூடாதா என்று யோசிப்பான். அதற்குள் எவனாவது பந்தைக் கொண்டுபோய்விடுவான். மாரியப்பன் திட்டித் தீர்த்தான். ஒருநாள் சாப்பிடும்போது சவரி இதைச் சொல்லிப் புலம்ப, ராஜமேரி களியை அவன் தட்டில் வைத்தபடி சொன்னாள்:

"பேசாம தேய்ச்சிட்டே ஒதைங்க. அந்தக் காலப் பாத்துத்தான் எங்கப்பா என்னயக் குடுத்தாரு."