அண்ணன் நெஞ்சில் வைத்த தகடுகள்

உப்புத் தண்ணீரில் நனைத்த துணி... அதன் மேல் ஒரு தகடு. மார்பில் வைத்ததும் அண்ணனுக்கு உடம்பு சிலிர்க்கும். "என்ன டாக்டர், ஐஸ் கம்பெனியிலேர்ந்தா கொண்டு வர்றீங்க?" என்பார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒயர், பல்பு, பேட்டரி விற்று நான் ஒருவழியாக நிமிர்ந்திருந்த சமயம். அண்ணன் சேலையூரில் பள்ளிக்கூட வாத்தியார். இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

அங்கே ஓர் இளம் டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மார்பின் இரண்டு பக்கமும் தகடு வைத்து, உடம்புக்கே தெரியாத அளவு கரண்ட் விட்டு, உடம்பு அதற்கு எவ்வளவு தடை கொடுக்கிறது என்று அளப்பார். நீர் இருந்தால் கரண்ட் சுலபமாக ஓடும், மீட்டர் முள் கீழே நிற்கும். நீர் வடிந்தால் தடை கூடும், முள் ஏறும். எக்ஸ்ரே இல்லாமலே நீரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. மெஷின் அவரே செய்தது. ஒயரும் கிளிப்பும் என் கடைச் சரக்கு.

"இது ட்ரீட்மெண்ட் இல்ல சார், ரிசர்ச். இஷ்டம் இல்லேன்னா விட்டுடலாம்" என்று தெளிவாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அண்ணன் காதில் அது விழவே இல்லை. வாத்தியார் அல்லவா... முள் காட்டியதெல்லாம் அவருக்கு மார்க். தினமும், "இன்னிக்காவது பாஸா?"

அவசரம் அப்படி. அவர் மகள் கிரேஸுக்குக் கல்யாணம். சர்ச்சில் ஓலை வாசித்து, கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை, லீவை மாற்ற வழியில்லை.

"சர்ச் வாசல்லேர்ந்து ஆல்டர் வரைக்கும்டா. அவ கையப் புடிச்சு நடந்துட்டேன்னா போதும். அப்புறம் இங்கயே வந்து படுத்துக்குறேன்."

"நடப்பீங்க, பேசாம படுங்க" என்பேன். வியாபாரியின் வாய், எதையும் சொல்லும்.

கல்யாண வாரம் ஒரு காலையில் முள் எகிறியது. டாக்டரே குனிந்து இன்னொரு முறை பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பாத்தியாடா! ஃபர்ஸ்ட் கிளாஸ்! என் கோட்ட லாண்டரியில போடு, போ!"

டாக்டர் மட்டும் போர்வையை விலக்கி, அண்ணனின் வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, நிரம்பவில்லை. மூச்சும் பழையபடிதான் இரைந்தது. தகட்டை எடுத்தார், துணியைத் தொட்டார், விரலை முகர்ந்தார்.

"மார்ல என்ன தடவினீங்க சார்?"

அண்ணன் பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா இழுப்பு டாக்டர்..." என்றார் அண்ணி. "தேங்கா எண்ணெயில கற்பூரம் போட்டு காய்ச்சி எடுத்தாந்தேன். எங்க வூட்ல யாருக்கு நெஞ்சு அடைச்சாலும் அதான். நர்ஸம்மா திட்டுவாங்கன்னு விடியறதுக்குள்ள தடவிட்டேன். கல்யாணத்துக்குத் தெம்பா எழுந்துக்கட்டும்னு..."

டாக்டர் திட்டவில்லை. "எண்ணெய் கரண்ட்ட விடாதும்மா. அதான் ஏறிச்சு. நீர் வடியல."

சோப்பும் வெந்நீரும் வந்தன. அண்ணியே துடைத்தார், அழுத்தி அழுத்தி... திரும்பத் தகடு வைத்தார்கள். முள் முந்தின நாளைவிடக் கீழே.

அண்ணன்தான் பேசினார்.

"வாழ்க்கை பூரா பசங்கள புடிச்சேன். இப்ப நானே காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டேன்."

அண்ணி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நீ கூட்டிட்டுப் போடா. மெதுவா நட. அவ புடவை தடுக்கும்."

நடந்தேன். சர்ச் நிறைய ஜனம், கிரேஸின் கையைப் பிடித்து, அவள் புடவை தடுக்காதபடி மெதுவாக. முடிந்ததும் ஜோடியாக நேரே வார்டுக்குத்தான் வந்தார்கள். அண்ணன் அவள் தலையில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்தார், கொஞ்ச காலம் இருந்தார், போய்விட்டார்.

இப்போது அதே வியாதி எனக்கு. ஆஸ்பத்திரியில் மார்பில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், ஸ்கிரீனில் என்னென்னவோ ஓடுகிறது. "ஏறிச்சா, எறங்கிச்சாம்மா?" என்று கேட்டால், "டாக்டர் சொல்வாரு சார்" என்று அந்த நர்ஸ் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள். பாவம், அவளுக்கு எத்தனை கட்டிலோ. கேட்பதையே விட்டுவிட்டேன்... அலுப்புதான்.

போன மாதம் கீழ்க்கட்டளையில் கிரேஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்தி, பாட்டியின் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆல்டர் பக்கம் நடந்து வரும் படத்தில் விரலை வைத்து, "இது நீங்கதானே? அப்ப பாட்டியோட அப்பா நீங்களா?" என்றாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது...

"ஆமாம்மா" என்றேன்.

சமையலறை வாசலில் கிரேஸ் நின்றிருந்தாள். காதில் விழுந்திருக்கும். அவளும் திருத்தவில்லை.