இடது பின்கதவு

எனக்குச் சத்தம் ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் கூடத்தில் இரண்டு தறி, பக்கத்து வீட்டில் மூன்று. பரீட்சைக்குப் படித்தது, காய்ச்சலில் படுத்துக் கிடந்தது, பெண் பார்த்துவிட்டு வந்து யோசித்தது எல்லாமே அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம் இருக்கிறதே, அது வேறு ஜாதி. மண்டைக்குள் குடிவந்துவிட்டால் லேசில் காலி பண்ணாது.

எங்கள் வண்டிக்குள் வந்தது அந்த ரகம்.

ஏழு பேர் உட்காருகிற எஸ்.யூ.வி. இன்னொருவர் ஓட்டிய வண்டிதான், ஆனாலும் வாங்கும்போது ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: நான், மனைவி, அம்மா. நெய்த புடவைகளை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோக அஞ்சு பேர் வண்டியே போதும் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்குக் கொழந்தைங்க பொறந்தா எங்கபா உக்காரும்? டிக்கியிலயா?" என்று கேட்டாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மூட்டுவலிக்காரி என்பதால் அம்மாவுக்கு எப்போதும் முன் சீட்டு. மனைவி அம்மாவுக்குப் பின்னால், இடது பக்கம். அவளுக்குப் பக்கத்திலும் பின்னாலும் மிச்சமெல்லாம் காலி.

வண்டி வந்த சில மாதங்களில், ஒரு நாள், அம்மா எங்களைத் திருப்புட்குழிப் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பிள்ளை வேண்டுகிற பெண்கள் குளத்தில் முழுகிவிட்டு, வறுத்து ஊறவைத்த பயறைத் தாயார் சன்னதியில் வாங்கி, ராத்திரி வயிற்றோடு கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து அவிழ்க்கும்போது பயறு முளைத்திருந்தால் பிள்ளை பிறக்கும். வறுத்த பயறு எங்கே முளைக்கும் என்று எனக்குள் ஒரு நக்கல் இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் வாலாஜாவில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். இருட்டோடு கிளம்பினோம். "பொழுது வெளுத்தப்புறம்தான் அவுக்கணும்மா" என்று அம்மா சொல்லியிருந்ததால், மனைவி முடிச்சை இடுப்பில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். பாலுசெட்டி சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தும்போது நன்றாக வெளுத்துவிட்டது. நானும் அம்மாவும் இறங்கினோம். அவள் இறங்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு திரும்பியபோது கதவைத் திறந்து, காலை வெளியே தொங்கவிட்டு, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. வெறும் வயிற்றில் வந்ததால் தலைசுற்றல் என்று நினைத்தேன்.

"என்னம்மா, பாத்தியா?" என்றாள் அம்மா.

"முளைச்சிருக்குது அத்த."

அம்மா அந்த இடத்திலேயே, லாரிகளுக்கு நடுவில், திருப்புட்குழி இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் சாமி மாடத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. எட்டுப் பயறு, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முனை எட்டிப் பார்த்தது. அதுவரை நக்கல் பண்ணிய நானும் நம்பிவிட்டேன். அம்மா கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தெருவில் இறங்கி, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை சொல்லிவிட்டு வந்தாள்.

வண்டியில் சத்தம் ஆரம்பித்தது அந்தக் கல்யாணப் பயணத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

அறுபதுவரை ஒன்றுமில்லை. எழுபதைத் தாண்டினால் மெல்லிசாக ஓர் இழுப்பு. எண்பதில் அது ஏறி ஏறி இறங்கும். எதிர்க்காற்று அடித்தால் நடுவில் ஒரு விக்கல் மாதிரி அறுந்து, திரும்பத் தொடங்கும். ஏ.சி.யைக் கூட்டினாலும் பாட்டுப் போட்டாலும் அதற்கு மேலே வந்து நிற்கும். முதலில் அதற்குப் பெயர் வைத்தது அம்மாதான். "பச்சப்புள்ள அழுதுக்கினு இருக்குற மாதிரி இருக்குதுபா. சீக்கிரம் சரி பண்ணு" என்றாள். அதற்கப்புறம் எனக்கு அது வேறு எதுவாகவும் கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஒருவன் என்னோடு ஒரு சுற்று வந்துவிட்டு, "பெரிய வண்டின்னா காத்துச் சத்தம் இருக்கத்தான் சார் செய்யும்" என்றான். அவனிடம் கத்திவிட்டு வந்தேன். பிறகு நானே இறங்கினேன். மேலே இருந்த கேரியரைக் கழற்றினேன். முன்கதவு இடுக்குகளில் டேப் ஒட்டி ஓட்டினேன். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். தாள் சுலபமாக வந்தால் ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். உள்ளே ஃபேனை முழுசாக வைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளியே ஊதுபத்தியைக் கதவோரமாகக் கொண்டுபோய்ப் புகை எங்கே அலைகிறது என்று பார்த்தேன். தெருவில் போனவர்கள் வண்டிக்கு என்ன பூஜை என்று கேட்டார்கள். முன்னால் இரண்டு கதவு, பிறகு வலது பின்கதவு என்று பார்த்து இடது பின்கதவுக்கு வந்தபோது மனைவி வாசலுக்கு வந்தாள். "அந்தப் பக்கம் நல்லாதாங்க இருக்குது. நான்தான தெனம் உக்கார்றேன். வாங்க, சாதம் ஆறுது" என்றாள். போய்விட்டேன்.

இங்கே அவள் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருப்பாள்; கூடத்துத் தறியில் ஓர் இழை அறுந்தால், நெய்கிறவருக்கு முன்னால் அவள் குரல் கொடுப்பாள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு காது கிடையாது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வருகிற சத்தம் எந்த மூலை என்று பிடிபடாது. ஆகவே அவளையே கேட்டேன். ஒவ்வொரு பயணத்திலும் கேட்டேன்.

"வலது பக்கங்க" என்பாள். வலது கண்ணாடியை மாற்றினேன். "இன்னும் பின்னால, வலதுல." வலது பின்கதவு ரப்பரை மாற்றினேன். "கண்ணாடி ஓரமா இருக்கும்." முன் கண்ணாடியைச் சுற்றிப் புதிதாகப் பசை வைத்தேன். சல்லடை போட்டுத் தேடுவது என்பார்களே, அப்படித் தேடினேன், அவள் கை காட்டிய இடத்தில் எல்லாம். அவள் கை காட்டாத இடம் ஒன்றுதான் இருந்தது.

அந்த மூன்று வருஷமும் சும்மா போகவில்லை. அதே வண்டியில்தான் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம். ஊசி, ஸ்கேன், காத்திருப்பு. இரண்டு தடவை கருவை வைத்தார்கள், இரண்டு தடவையும் தங்கவில்லை. இரண்டாவது தடவை ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை. அது மட்டும் பின்னால் அழுதுகொண்டே வந்தது. "இன்னும் ஒருமுறை பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் எதைப் பேசுவது என்று தெரியாமல் சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அதைச் சரி செய்துவிட்டால் மற்றதும் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு கிறுக்கு ஏறியிருந்தது. இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வேலூரில் புடவை கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு நாளைக்கு டிரைவர் வைத்துக்கொண்டு, முதல்முறையாக அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். எழுபதைத் தொட்டதுமே என் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், அது ஆரம்பித்தது. தேடவே வேண்டாம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டால் எங்கே கேட்குமோ அங்கே கேட்டது.

முதலில் வந்தது கோபம்தான். இழை அறுவது கேட்கிறவளுக்கு இது கேட்கவில்லையா? மூன்று வருஷம் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி வலது பக்கம் அலையவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேராகச் செவிலிமேட்டில் கதவு வேலை செய்கிற ஒருவரிடம் விடச் சொன்னேன். அவர் நிலையைச் சுற்றி ஓடுகிற ரப்பரில் விரலை ஓட்டி, பின்பக்க மூலையில் நிறுத்தினார். "இங்க புடைச்சிக்கினு இருக்குது சார்" என்று ரப்பரின் உதட்டைத் தூக்கி உள்ளே கம்பியை விட்டு நெம்பினார். நாலைந்து விழுந்தன. இன்னும் நெம்பினார்.

"பயறு மாதிரி இருக்குது. எலி கொண்டாந்து வெச்சிருக்கும் சார். வண்டிக்குள்ள எலி பூந்தா இதே ரோதனைதான்" என்றார்.

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். எட்டுப் பயறு. தோல் கருத்து, வறுபட்டு, நசுங்கிக் காய்ந்திருந்தது. ஒன்றில்கூட முனை இல்லை.

டீக்கடையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவளின் கை எங்கே இருந்தது என்று அப்போது ஞாபகம் வந்தது. கோவிலில் கொடுத்ததைக் கால்படுகிற இடத்தில் போட முடியாது. முளைக்காததை வீட்டுக்கும் கொண்டுவர முடியாது. டீ வாங்க நாங்கள் போன அந்த ஐந்து நிமிஷத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த ஆள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று சாலைப் பக்கம் திரும்பி நின்றேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பயறு என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜாவில் காதுகுத்து. அன்றைக்குக் கல்யாணம் ஆன அதே பெண்ணின் இரண்டாவது குழந்தைக்கு. ரப்பரைத் திரும்பப் பூட்டிய பிறகு முதல்முறையாக மூன்று பேரும் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஏறி எழுபது, எண்பது என்று போனேன். சத்தம் இல்லை. டயர் உருளுவது மட்டும் கேட்டது. மூன்று வருஷம் நான் தவமிருந்தது இதற்குத்தான். சகிக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கை கதவோரமாக மெல்ல மேலேறி, பின்பக்க மூலையில் நின்று, அங்கேயே அழுத்திப் பார்த்தது.

"எங்கங்க வெச்சீங்க?" என்றாள்.

"சட்டப் பையில இருக்குது."

கொஞ்ச தூரம் போனபிறகு, "முளைக்கலைங்க" என்றாள். யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

முன் சீட்டில் இருந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மா திரும்பவில்லை. "வண்டிய ஓரமா நிறுத்துபா" என்றாள். நிறுத்தினேன். பாலுசெட்டி சத்திரம் தாண்டியிருந்தோம்; அந்த டீக்கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "வறுத்த பயறு எந்தக் கலர்ல இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ கிண்ணத்துல வெச்சது நம்ம டப்பாவுல இருந்த பச்சப்பயறு."

"அப்புறம் ஏன் அத்த தெருவெல்லாம் சொன்னீங்க?"

"தாயாரே வாக்குக் குடுத்துட்டாங்கன்னு சொன்னப்புறம் ஒருத்தியாவது உன்னைப் பாத்து, விசேஷம் இல்லையான்னு கேட்டாளா?"

கேட்கவில்லை. அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக எங்கள் தெருவில் யாரும் அவளை அந்தக் கேள்வி கேட்கவில்லை. கிண்ணத்தில் இருந்ததை உண்மையாகவே நம்பியவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

மனைவி அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, வீட்டில் அழாதது எல்லாம் சேர்த்து அழுதாள். அம்மா முன்னால் இருந்தே கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "திருப்புட்குழி இங்கதான இருக்குது. கொளத்துல விட்டுட்டுப் போயிடலாம்பா. அங்கேர்ந்து வந்தது அங்கயே போவட்டும்" என்றாள்.

"வேணாம் அத்த" என்றாள் மனைவி. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். "சத்தம் இல்லாம, பின்னாடி யாருமே இல்லாத மாதிரி இருக்குதுங்க."

அவளுக்குப் பின்னால் இருந்த காலி சீட்டுகளைப் பார்த்தேன். இறங்கிச் சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். பையில் இருந்ததை அவள் உள்ளங்கையில் கொட்டினேன். அவளால் ரப்பரைத் தூக்க முடியவில்லை, புதிதாகப் பூட்டியதால் இறுக்கமாக இருந்தது. நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள், எட்டையும்.

திரும்ப ஏறி வண்டியை எடுத்தேன். எழுபதில் ஆரம்பித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.