பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மொட்டை

அந்த மாதத்தில் நாகமணி ஏறி இறங்கிய மூன்றாவது பள்ளிக்கூடம் அது. முதலில் பார்த்தது ஆர்.எஸ்.புரத்தில். அங்கே தாய் தகப்பன் இரண்டு பேருடைய பட்டப்படிப்புச் சான்றிதழையும் கேட்டார்கள். நாகமணி ஐந்தாவது, வீட்டுக்காரர் திருமூர்த்தி எட்டாவது. பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது பள்ளி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேன் காலை ஆறரைக்கே வந்துவிடுமாம். மூன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

சிங்காநல்லூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இந்தப் பள்ளியைத்தான் அவள் ஆரம்பத்திலிருந்தே நினைத்திருந்தாள். வேலைக்குப் போகிற வழி. மணி அடித்ததும் சின்னஞ்சிறுசுகள் கைகூப்பிக் கண்மூடி நிற்பதை எத்தனையோ நாள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, கும்பிடத் தெரிந்த பிள்ளை கெட்டுப்போகாது என்பது அவள் நம்பிக்கை. ஆசைப்பட்டது கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

தலைமை சிஸ்டர் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து, பிள்ளை மிதுனின் பின்னலைத் தொட்டு, "பாப்பா பேரு என்னம்மா?" என்றார்.

"நான் பாப்பா இல்லெ. பையன்!" என்று மிதுன் காலைத் தரையில் உதைத்தான்.

"சரிங்க சார், மன்னிச்சுக்குங்க," என்று சிரித்துவிட்டு சிஸ்டர் நிமிர்ந்தார். "நல்லாப் பேசறான். இடம் இருக்கும்மா. ஆனா பையங்களுக்கு முடி வெட்டியிருக்கணும். அந்தப் போட்டோவைத்தான் ஒட்டுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வந்துடுங்க. அதுக்கு மேல இடத்தை நிறுத்தி வைக்க முடியாது."

"பொறந்த முடிங்க சிஸ்டர். குலதெய்வத்துக்கு எறக்கோணுமுங்க."

"தாராளமா எறக்குங்க. இன்னிக்குத் திங்கள்தானே, நாலு நாள் இருக்கே."

மூன்று வருஷத்தில் முடியாததை நாலு நாளில் எப்படி முடிப்பது? பிள்ளைக்கு மொட்டை அடிக்கும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். நாகமணிக்கு ஒரே அண்ணன், தொண்டாமுத்தூரில் விவசாயம் பார்க்கும் வேங்கடசாமி. அவர் அவளோடு பேசுவதில்லை.

நாகமணிக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாம் தடவை தங்கியபோது, கண் பட்டுவிடும் என்று ஐந்து மாதம்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரும் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகள் லோகப்பிரியா வயசுக்கு வந்து சீர் வைத்தார்கள். முன்னால் நின்று செய்ய வேண்டிய அத்தை போகவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியனுப்பினாள். பின்னால் உண்மை தெரிந்ததும் அண்ணனுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. கூடப் பிறந்தவனிடமுமா மறைப்பாள்? வருஷா வருஷம் மொட்டைக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் போனை எடுத்து, "அவரு தோட்டத்துல இருக்கறாருங்," என்று வைத்துவிடுவாள்.

"உங்கண்ணன் மனசு எறங்கறதுக்குள்ள இவன் காலேஜே முடிச்சுப்போடுவான்," என்றார் திருமூர்த்தி, லேத் பட்டறை அழுக்கைக் கையிலிருந்து கழுவிக்கொண்டே. "சொந்தத்துல மாமன் மொறைக்காரரு வேற யாரையாச்சும் உக்கார வெச்சுக்கலாம் அம்மணி. எனக்கும் ஓஞ்சுபோச்சு."

"ஏனுங்க, பொறந்தவரு உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தரு மடியிலீங்ளா?"

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, நடக்க மாட்டேன் என்ற மிதுனை இடுப்பில் சுமந்துகொண்டு அண்ணன் தோட்டத்துக்குப் போனாள். முந்தின ராத்திரி யானை இறங்கியிருந்தது. வாழை பாதி சாய்ந்து கிடக்க, வேங்கடசாமி அறுந்த வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வழி மறக்கலையாட்ட இருக்குது."

"அதெப்படி மறக்குமுங்ணா."

"மறக்காதவியளா இருந்தா சீருக்கு வந்திருப்பாங்க."

கால் வலித்தது. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பயமுங்ணா. வெளிய சொன்னா அதுவும் போயிருமோன்னு பயம். உங்ககிட்ட மறைக்கோணும்னு இல்லீங்ணா. சாமிகிட்டக்கூட நான் வாய்விட்டுக் கேக்கலெ."

அவர் கம்பியை வெகுநேரம் முறுக்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்தெ போன்ல சொல்றதுக்கென்ன?"

"தப்புத்தானுங். இப்ப இவனெ ஸ்கூல்ல சேத்தோணுமுங்ணா, அதுக்குத்தான் வந்தேன்."

"எந்த ஸ்கூலு?"

"சிஸ்டருங்க ஸ்கூலுங். வெள்ளிக்கெழமைக்குள்ள முடி எறக்கீட்டு வரச் சொல்லீட்டாங்க."

"கன்னியாஸ்திரி கெடு வெச்சுத்தான் நம்ம சாமிக்கு முடி எறக்கோணுமாக்கும்," என்றார் வேங்கடசாமி. சிரிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கண் இரண்டும் சிவந்து கிடந்தன. "மூணு ராத்திரியாத் தூக்கமில்லெ. உன்றகூடச் சண்டை போடறதுக்கும் தெம்பில்லெ. வியாழக்கெழமை வாரேன். ஆனா விருந்து கிருந்துன்னு நிக்க மாட்டேன்."

சொன்னபடி கோயிலுக்கு வந்தார். பழகாத மடியில் உட்கார மாட்டேன் என்று மிதுன் அலறினான், திமிறினான், மாமன் கையைக் கடித்தும் வைத்தான். வேங்கடசாமி கையை விலக்கவில்லை. முடி முழுக்க இறங்கியதும் சந்தனம் பூசிய தலையில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். கொண்டு வந்த புதுச்சட்டையைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அவருக்கென்று போட்ட இலையில் யாரும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை நாகமணி போட்டோவைக் கொடுத்தாள். ஆபீஸ் அம்மா அதை ஒட்டிவிட்டுக் கேட்டார்: "அப்பா அம்மா வர முடியாத நாள் பையனைக் கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க?"

"அவன் மாமனுங்க. வேங்கடசாமி."

"எங்க இருக்காரு?"

"தொண்டாமுத்தூருங்க."

"அவ்வளவு தூரத்துல இருந்து வருவாராம்மா?"

"தெரியலீங்க," என்றாள் நாகமணி. "எழுதிக்குங்க."