ஆய்வுக்கு ஆள் பிடித்த கதைகள்

ஆராய்ச்சி உதவியாளன் என்பது அடுத்தவருக்கு வந்த சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிற தொழில். மருத்துவம், உயிரியல், பௌதிகம், கணினி என்று எந்தத் துறைக்காரர் பதுளைக்கு வந்தாலும், தமிழும் சிங்களமும் பேசி தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு அவரைக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். நாங்கள் எழுதும் கட்டுரைகளை உலகத்தில் யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். யாரும் படிக்கலாம் என்றால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். கையில் படிவத்தோடு முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று நாயிடம் கடி வாங்கிய சகபாவிகள் இதைப் படித்தால் ஆறுதல் அடையலாம்.

பேப்பர்ல வரும்

முதல் வேலை ரத்தசோகை ஆய்வு. ஒவ்வொரு லயமாகப் போய், "நாளைக்கு ரத்தம் எடுப்போம், பயப்படாதீங்க. யார் பேரும் வெளியில போகாது. முடிவு பேப்பர்ல வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வுக் கட்டுரையை நாங்கள் பேப்பர் என்றுதான் சொல்வோம். தோட்டத்தில் பேப்பர் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிற செய்தித்தாள்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்து வரிசையில் நின்றார்கள். இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்ட முடியாமல் தாதி திண்டாடினார். புஷ்பம் என்று ஓர் அக்கா, போட்டோ பிடிக்கிறவர் எங்கே என்று கேட்டார். இது வேறு பேப்பர், இங்கிலீசில் வரும், பெயரோ படமோ இருக்காது என்று விளக்கினேன். அவர் ரத்தம் கொடுத்தார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது சொன்னார்: "பேரும் இல்ல, படமும் இல்ல. அப்ப செத்த வீட்டு நோட்டீஸ் இதவிட மேலுங்க."

காலை மழை

பௌதிக விரிவுரையாளர் ஒருவர் பெரகலைக்கு மேலே ஒரு லயத்தின் பின்புறம் மழைமானி வைத்தார். விழுகிற மழையை அதுவே அளந்து இணையத்தில் ஏற்றிவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஊரெல்லாம் காய்ந்து கிடந்த மாதத்தில் அந்த ஒரு மானியில் மட்டும் தினமும் காலையில் கொஞ்சம் மழை பெய்தது. மூடுபனி சொட்டுகிறது, புதிய கண்டுபிடிப்பு என்று அவர் பாதிக் கட்டுரை எழுதிவிட்டார். அதற்குள் எந்த நாட்டிலிருந்தோ ஒரு மாணவி, உங்கள் காலை மழை மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்று மின்னஞ்சலும் அனுப்பிவிட்டாள்.

போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். விடிந்ததும் அந்த லயத்தில் இருக்கும் ராமையா அண்ணன் பல் விளக்கிக்கொண்டு வந்தார். வாய் கொப்பளித்தார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஆடாமல் அசையாமல் மானிக்குள் ஊற்றினார். ஏன் அண்ணே என்றேன். "சார் இவ்வளவு தூரம் சுமந்து வந்து வச்சிட்டுப் போனாரு. காஞ்சு கெடந்துச்சு, பாக்கப் பாவமா இருந்துச்சுங்க."

இலை பார்க்கும் போன்

கணினிக்காரர் கவிந்து பதுளை டவுனில் வளர்ந்தவர். தேயிலை இலையைப் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் செயலி ஒன்றைச் செய்திருந்தார். செய்முறையையும் ஒளிக்காமல் உலகத்துக்கே கொடுத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் அது வேலை செய்ய சிக்னல் வேண்டும். கொழுந்தெடுக்கும் செல்வி காட்டிய இலையைப் படம் பிடித்துக்கொண்டு, இருவரும் மூச்சிரைக்கக் கோயில் பாறை வரை ஏறினோம். விடை வந்ததும் இறங்கிவந்து, "கொப்புள நோய்" என்று அறிவித்தோம்.

செல்வி அதற்குள் அந்தத் தேயிலை நிரையை முடித்திருந்தாள். "ஆமாங்க, கொப்புளந்தான். அதுதான் ஏறங்காட்டியும் சொன்னேனே, நீங்கதான் நிக்கல."

தண்ணீர்

இது கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏன் அடிக்கடி வருகிறது என்று கொழும்பிலிருந்து வந்த டொக்டர் அம்மா ஒருவர் ஆராய்ந்தார். கேள்வி கேட்டது நான். "வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பீர்களா, ஆம் அல்லது இல்லை." இல்லை என்றார்கள், கோடு போட்டேன். விழிப்புணர்வு குறைவால் இவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று கட்டுரை வெளிவந்தது.

நான் கேள்வி கேட்ட பெண்களில் ஒருவரான சரோஜா அக்காவின் மகள் கம்பஸில் படிக்கிறாள். அவள் அதைப் போனில் எடுத்து, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் பெண்களை உட்காரவைத்துத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை நான் போனபோது சரோஜா அக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. "தண்ணி குடிக்கணும்னு எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க தம்பி. மலையில ஒரு கக்கூஸ் இல்ல. குடிச்சா எங்க போறது?"

எனக்கு முகத்தை வைக்க இடமில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். என் அம்மாவும் காலையில் பாதிக் கோப்பைத் தேத்தண்ணியோடுதான் மலைக்குப் போவார். ஏன் என்று எனக்குத் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பதால் நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் மறுவாரமே வந்து, பிள்ளைக்காம்பராவில் பாயில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கேட்டார். பிறகு அந்தக் கட்டுரைப் பக்கத்திலேயே, எங்கள் முடிவு தவறு, இவர்கள் சொன்ன காரணம் இது என்று திருத்தம் போட்டார். தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனிக்காரர்கள் தோட்டத்தைப் பார்வையிட வந்தபோது அதை அச்செடுத்தே கொண்டுவந்திருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை என்ன பதில் சொன்னாரோ தெரியாது. ஏழாம் நம்பர் மலையில் தகரக் கூரையோடு இரண்டு கக்கூஸ் எழும்பின.

நான் பார்க்கப் போனேன். கதவில் பூட்டு. சாவி, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பையில். அவர் அன்று எந்த மலையில் நிற்கிறார் என்று தேடிப்போய் வாங்க வேண்டுமாம். அடுத்த மாதம் போனபோது பூட்டைக் காணவில்லை, கதவு திறந்திருந்தது. சரோஜா அக்கா தண்ணீர்ப் போத்தலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு அக்கா என்றேன். நிதானமாகக் குடித்து முடித்து மூடியைத் திருகினார். "எழுதிக்கங்க தம்பி. பூட்டு காணாமப் போச்சு. யாரு எடுத்தாங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. விழிப்புணர்வு கொறவு."

இத்தனை வருஷ உழைப்பில் எனக்கென்று மிஞ்சியது கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் ஓர் இடம்தான், அதிலும் என் பெயரை இதுவரை ஒருவரும் சரியாக எழுதியதில்லை.