என் ரிப்போர்ட், எனக்குக் கடைசியில்

நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். என் கணவர் டாக்டர். என் மார்பில் கட்டி வந்தபோது, அவருடைய நண்பரான சர்ஜன்தான் பயாப்சி எடுத்தார். "ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும்" என்றார் கணவர்.

அந்த வாரம் அவர் ஆளே மாறிப்போனார். மீன் கடைப் பக்கமே போகாதவர், வைத்திக்குப்பம் மீனவர் கரைக்கே போய் எனக்குப் பிடித்த சங்கரா மீன் வாங்கி வந்தார். நான் உருகிப்போனேன்.

ரிப்போர்ட் கைக்கு வந்தது. புற்றுநோய். மேலே இருந்த தேதி நான்கு நாள் பழசு.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கே அவன் ஃபோன் பண்ணிட்டான். நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல."

"இது என் உடம்புங்க!"

கத்திய பிறகுதான் என் இன்னொரு குரல் நினைவுக்கு வந்தது. "ரிசல்ட் பத்திப் பேசணும், வீட்டுக்காரர் மட்டும் வெளிய வாங்க சார்." இருபது வருடமாக எத்தனை பெண்களின் கட்டிலருகே நின்று அதைச் சொல்லியிருப்பேன்!

சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ரிசல்ட்டை முதலில் அந்தப் பெண்ணிடமே சொல்ல வைத்து, கணவர்களைத்தான் வெளியே காத்திருக்கச் சொல்கிறேன். என்னவரை மன்னித்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்றும் அவர் மீன் வாங்கி வந்தால், பையை வாங்கும் முன் கேட்டுவிடுகிறேன்:

"என்னங்க, என்கிட்ட எதை மறைக்கிறீங்க?"