உஸ்மானியா பிஸ்கட்டும் ஒரு மாத்திரையும்

உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைக்கும்போதெல்லாம் ஆனியின் உதடுகள் மூன்று தடவை அசையும். சத்தம் வராது. கல்யாணமாகி முதல் ஆறேழு வருஷம் அவள் புருஷன் ஜோசியா அதை ஜெபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட்டுக்குக்கூட ஸ்தோத்திரம் சொல்கிற பெண்ணைக் கர்த்தர் தனக்குக் கொடுத்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"ஜெபமா? எண்ணுதேங்க" என்றாள் ஆனி. "ஏக், தோ, தீன். அதுக்கு மேல விட்டா உள்ள விழுந்துரும்."

"அதுக்கு மட்டும் எதுக்கு உருது?"

அவளுக்கே தெரியவில்லை. தோசை எண்ணுவது தமிழில்தான், தையல் எண்ணுவது தமிழில்தான். பிஸ்கட் மட்டும் சின்ன வயதில் அப்பாவோடு இரானி ஓட்டலில் டீ குடிக்கப் போனபோது பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்துப் பழகியது. அப்படியே நின்றுவிட்டது.

ஆனி பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே ஹைதராபாத் மௌலா அலியில், தர்கா மலை தெரிகிற தெருக்களில்தான். தாத்தா ரயில்வே வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்தவர். வீட்டில் இன்னும் அந்தப் பக்கத்துத் தமிழ்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள். எழுந்து நின்று வாசி என்றால் குரல் வெளியே வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் போகவில்லை, அவ்வளவுதான்.

தெருமுனை பேக்கரியின் பின்கட்டில் பத்தொன்பது வருஷமாகப் பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்கினாள். சூட்டோடு அடுக்கக் கூடாது. பெட்டிக்குள் வேர்த்து நமத்துப்போகும். இரண்டை எடுத்துக் காதருகே தட்டிப் பார்ப்பாள். 'டக்' என்றால் அடுக்கலாம். 'தப்' என்றால் இன்னும் அரைமணி ஆறட்டும். நடுவில் கண்ணாடிக் கதவு வழியாக முன்பக்கம் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பாள். முழுசாக முக்கி விரலைச் சுட்டுக்கொள்கிறவர்கள், மொறுமொறுவென்று கடித்துவிட்டு டீயைத் தனியாகக் குடிக்கிறவர்கள், சாசரில் ஊற்றி ஊதுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறாள். யாரிடமும் பேசியதில்லை.

போன வருஷம் இரண்டு காலிலும் நரம்பு புடைத்துக்கொண்டது. இனி நின்று செய்கிற வேலை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேக்கரியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான் உண்டு, முன்பக்கக் கவுன்டர். அங்கே இருந்த ஜலஜா வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போகிற சமயம். கடையைப் பார்த்துக்கொள்கிற முதலாளியின் மருமகள் ஹர்ஷிதா தெலுங்கில் சொன்னாள்: "சனிக்கிழமை ஒரு நாள் உட்காருங்க ஆன்ட்டி. ஆனா வாயைத் திறக்கணும். சரிவரலைன்னா திங்கட்கிழமை வேற பொண்ணு வருது."

சரிவராவிட்டால் வேலையே இல்லை. ஆனிக்கு அது நன்றாகப் புரிந்தது.

சனிக்கிழமை காலை ஆனி விலை சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. "க்யா அம்மா, ஆவாஜ் நை ஆரி!" என்றார் பப்ஸ் வாங்க வந்த தொப்பிக்காரர், சத்தமே வரவில்லையே என்று காதைக் குவித்துக் காட்டி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹர்ஷிதா மூன்று தடவை எழுந்து வந்து அவளுக்குப் பதிலாகப் பேசிவிட்டுப் போனாள். நாலாம் தடவை பெருமூச்சு விட்டாள். பதினோரு மணிக்கெல்லாம் ஆனி மனசுக்குள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் பக்கத்துக் குஷாய்குடாவிலிருந்து ஸ்கூட்டரில் ரோகிணி என்ற பெண் வந்தாள். ஐ.டி. வேலைக்காக ஊரை விட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. கூடவே அவள் மாமனார் திருநாவுக்கரசு. பாதி காலியான பிஸ்கட் பெட்டியைக் கவுன்டரில் வைத்து, ஹர்ஷிதாவிடம் ஆங்கிலத்தில் பொரிந்தாள். நேற்று வாங்கியது, பழசு, அத்தனையும் டீக்குள் விழுந்து சேறாகிவிட்டது. ஹர்ஷிதா இல்லவே இல்லை என்றாள்.

ரோகிணி மாமனார் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "விடுங்க மாமா, இவங்க ஒத்துக்க மாட்டாங்க. பழசைத் தள்ளிவிடுற ஏமாத்துக்காரங்க."

ஆனிக்குச் சுருக்கென்றது. ஓரத்து மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது, அது அவள் அடுக்கிய பெட்டி. இரண்டு பிஸ்கட்டை எடுத்துக் காதருகே தட்டினாள். டக்.

"எம்மா, இது பழசில்ல. என் கையால அடுக்குனது."

ரோகிணி திடுக்கிட்டாள். "ஐயோ, நீங்க தமிழா?"

"அது கெடக்கட்டும். எப்படி முக்குனீங்க?"

"நேத்து இந்தக் கடையில சொன்ன மாதிரிதான். மூணு எண்ணி எடுக்கணும்னாங்க. மாமா எண்ணினார், நாங்க எல்லாரும் முக்கினோம்."

"எந்தப் பாஷையில எண்ணுனீங்க?"

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தமிழில்தான். முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் வேறு எதில் எண்ணுவேன்?"

"எண்ணிக் காட்டுங்கய்யா."

அவர் நிமிர்ந்து நின்றார். "ஒன்று. இரண்டு. மூன்று." ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் துவட்டிக்கொண்டு வந்தது.

ஆனி சிரித்தேவிட்டாள். "அங்கதான்யா போச்சு! இது ஹைதராபாத் பிஸ்கட்டு. ஏக்தோதீன்னு எடுத்துரணும்."

"இரும்மா." பெரியவர் விரலை மடக்கினார். "ஏக், இரண்டரை. தோ, இரண்டு. தீன், இரண்டரை. மொத்தம் ஏழு மாத்திரை. 'ஒன்று', இரண்டு மாத்திரை. 'இரண்டு', மூணு மாத்திரை. 'மூன்று', அதுவும் மூணு. எட்டு!"

"எந்த மாத்திரை, பி.பி. மாத்திரையா மாமா?"

"எழுத்தின் அளவும்மா. கண் ஒரு தடவை இமைக்கிற நேரம். ஒரே ஒரு மாத்திரைதான் கூடுதல்!"

"அந்த ஒண்ணுலதான்யா விழுது" என்றாள் ஆனி.

உள்ளே டீ சொன்னாள். பாலேறிய டீ ஆவி பறக்க வந்தது. "பாதிதான் முக்கணும். மீதிய விரலுக்கு விட்டுருங்க. வாய்ல போட்டதும் கடிக்கப்பிடாது, நாக்குல வச்சா அதுவா கரையும். இனிப்பு முதல்ல வரும், உப்பு பின்னால வரும். உப்பு வாரதுக்கு முன்ன டீயக் குடிச்சிராதீங்க."

"நான் உருதுவில் எண்ண மாட்டேன்" என்றார் பெரியவர். பிஸ்கட்டை நனைத்தார். "ஒன்று, இரண்டு, மூ…" என்று நிறுத்திச் சட்டென்று தூக்கினார். பிஸ்கட் முழுசாக வந்தது. "பார்த்தாயா? மூ என்றால் இரண்டு. மொத்தம் ஏழு!"

கடையே சிரித்தது. காலையில் காதைக் குவித்த தொப்பிக்காரர் இன்னொரு டீயோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "ஹம்கோ பீ போலோ அம்மா" என்று தனக்கும் சொல்லச் சொன்னார். இந்த ஊர்க்காரருக்கே பாடமா என்று சிரித்தபடி ஆனி அவர் பாஷையில் முதலிலிருந்து சொன்னாள். தன் குரல் வாசல் கதவுவரை போனதை அவள் அப்புறம்தான் கவனித்தாள்.

ரோகிணி இரண்டு புதுப் பெட்டி வாங்கினாள். "ஏமாத்துக்காரங்கன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர்கள் போனதும் ஹர்ஷிதா வந்தாள். தமிழ் தெரியாததால் பாதிதான் புரிந்திருந்தது. ஆனி விளக்கினாள். மாத்திரையைத் தெலுங்கில் சொல்ல வராமல் கண்ணை இமைத்துக் காட்டினாள். ஹர்ஷிதா வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "அந்தப் பொண்ணைத் திங்கட்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இந்த ஸ்டூலுக்கு ஒரு மெத்தை வாங்கணும் ஆன்ட்டி" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆனி பிஸ்கட்டை நனைத்தபோது ஜோசியா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்காவது ஜெபமா?"

"இன்னைக்கு ரெண்டும்" என்றாள்.

இப்போது ஆனி காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கவுன்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுகிறாள். மற்றதற்கு இன்னும் தலையைத்தான் ஆட்டுகிறாள். தமிழாசிரியர் சனிக்கிழமைதோறும் வந்து 'மூ' என்று நிறுத்துகிறார். ஆனியின் இடது கால் வீக்கம் வற்றிவிட்டது. வலது காலில் கொஞ்சம் இருக்கிறது.